சத்தம் இல்லாத வேலி

இந்த ஸ்டேஷனில் உங்கள் மேசைக்கு அடியில் இருக்கும் ஹீட்டரின் வயர் ஓரிடத்தில் தோல் உரிந்திருக்கிறது, சார். டேப் சுற்றியிருக்கிறீர்கள், ஆனால் அது காகிதம் ஒட்டுகிற டேப். சூட்டில் பசை இளகிவிடும். கொடைக்கானலில் ஷூ காய்ந்திருக்கிற நாள் குறைவு. இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், பழக்கதோஷம். ஓர் அறைக்குள் நுழைந்தால் எனக்கு மனிதர்களுக்கு முன்னால் பிளக் பாயிண்டுகள்தான் கண்ணில் படும்.

வேலி இருக்கும் வீட்டின் உரிமையாளர் என்ற முறையில் கையெழுத்துப் போடச் சொல்லி இந்தத் தாளை நீட்டினீர்கள். படித்துப் பார்த்தேன். ‘வேலியில் ஏற்பட்டிருந்த பழுதினாலும், இறந்தவரின் அறியாமையினாலும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், இதில் நான் கையெழுத்துப் போட முடியாது. இரண்டுமே தவறு. வேலியில் பழுது இல்லை. சுப்பம்மா அறியாமல் தொடவும் இல்லை. மின்வேலியை எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கற்றுக்கொடுத்தவன் நான்.

வெளியே பெஞ்சில் கோகுல்ராஜை உட்கார வைத்திருக்கிறீர்கள். வேலி போட்டவன் என்பதால் அவன்மேல் சந்தேகம் வருவது இயல்பு. பெருமாள்மலையில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறான், கம்பி இழுப்பதிலும் கல் நடுவதிலும் அவனைப் போல ஆள் கிடைப்பது கஷ்டம். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவன் வேலை சுத்தம். அது கெட்டுப்போனதாக ஒரு தாளில் எழுதப்படுவதை என்னால் ஏற்க முடியாது. அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

நான் காசிநாதன். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் காலத்தில் அந்த ஆலையில் நடந்த விபத்துகளில் ஒன்றுகூட ஆலையின் தவறால் நடந்ததில்லை. ஒவ்வொன்றையும் நானே விசாரித்தேன். ஓய்வுக்குப் பிறகு நாயுடுபுரம் மேட்டில் வீடு கட்டி, மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டிருக்கிறோம். வந்த வருடமே தெருக்காரர்கள் என்னைக் குடியிருப்போர் சங்கத்தின் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். குழுவில் வேறு உறுப்பினர்கள் இல்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

வேலி போட்டது திருட்டுக்காக. கீழ்த்தெருவில் ஒரு வீட்டு வாசலில் இருந்து கேஸ் சிலிண்டர் காணாமல் போனது. அந்த வீட்டுக்காரரின் மச்சினனே எடுத்துப் போயிருந்தார் என்பது பிறகு தெரிந்தது, ஆனால் அதற்குள் நாங்கள் அவசரக் கூட்டம் போட்டு, தீர்மானமும் நிறைவேற்றிவிட்டோம். தீர்மானத்தைத் திரும்பப் பெறுவது நன்றாக இருக்காது. தவிர, காட்டுமாடுகள் தெருவில் நடமாடுவது உங்களுக்கே தெரியும். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று முதல் வேலியை என் வீட்டைச் சுற்றியே போட்டேன்.

கோகுல்ராஜ் நூல் பிடித்தபோது, பின்பக்கம் கீழ்வீட்டை ஒட்டிய எல்லை ஓரிடத்தில் வளைந்திருந்தது. வளைந்த வேலியில் கம்பி தொய்யும், தொய்ந்த கம்பி ஆபத்து. நேராக இழுக்கச் சொன்னேன்.

“சார், அது அந்தம்மா துணிக்கொடி கட்டுற எடம்ங்க” என்றான் கோகுல்ராஜ்.

“நேரா இழுப்பா. கோணலா இருந்தா பாக்கவே நல்லாருக்காது” என்றேன்.

நேராக இழுத்ததில் கீழ்வீட்டு முற்றம் கொஞ்சம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. பாதுகாப்பு என்று வந்தால் எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

அந்தக் கீழ்வீட்டுக்காரிதான் சுப்பம்மா. அவளுடைய அப்பா அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, அங்கிருந்து அனுப்பப்பட்டு வந்தவர்கள். அவள் பிறந்ததும் அங்கேதான். புருஷன் இல்லை. தமிழ்மதி என்று ஒரே மகள், திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். சுப்பம்மா முன்பு கேரட் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இடுப்பு வலி வந்த பிறகு, எங்களைப் போல அறை வாடகைக்கு விடுகிற வீடுகளுக்குப் போர்வை, படுக்கை விரிப்பு எல்லாம் துவைத்துக் கொடுத்தாள். என்னை அவள் ‘தொரை’ என்றுதான் கூப்பிடுவாள். எஸ்டேட்டில் மேலதிகாரிகளை அப்படிக் கூப்பிட்டுப் பழக்கமாம். ஆரம்பத்தில் எனக்கு அது பிடித்திருந்தது. போகப் போக அவள் அதைச் சொல்லும்போது வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருப்பதைக் கவனித்தேன். அதனால் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

வேலி முடிந்ததும் சங்கக் கட்டடத்தில் ஒரு விழிப்புணர்வு வகுப்பு எடுத்தேன். மின்வேலி என்றாலே ஆளைக் கொல்லும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். முறைப்படி போட்ட வேலி கொல்லாது. சுவரில் மாட்டியிருக்கும் மெஷின் கம்பியில் ஒரு நொடி கரண்டை விட்டு ஒரு தட்டு தட்டும், உடனே ஓய்வெடுக்கும். மறுபடி ஒரு தட்டு, மறுபடி ஓய்வு. அந்த ஓய்வில் கையை இழுத்துக்கொள்ளலாம். வீட்டுக் கரண்ட் அப்படி இல்லை. அதற்கு ஓய்வே கிடையாது, பிடித்த கை இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் விடாது. ஆகவே வீட்டு இணைப்பை யாரும் நேராக வேலியில் கொடுக்கக் கூடாது, அது குற்றம். இதையெல்லாம் படம் போட்டு விளக்கினேன். வேலி பாதுகாப்பானது என்று காட்டுவதற்காக, மாதிரிக் கம்பி ஒன்றைக் கோகுல்ராஜைத் தொடச் சொன்னேன். தொட்டான், துள்ளினான், சிரித்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

“மெஷின் ஓடும்போது டிக், டிக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் கிட்டே போகாதீர்கள்” என்று முடித்தேன்.

கடைசி வரிசையில் இருந்து சுப்பம்மா எழுந்தாள். “தொரை, அப்ப சத்தம் இல்லைன்னா கரண்டும் இல்லதான?”

“சரியாச் சொன்ன. சத்தம் இல்லைன்னா கரண்ட் இல்ல. எல்லாரும் இதை ஞாபகம் வச்சுக்கங்க.”

“அப்ப திருடனுக்கும் காது இருக்குமுல்ல தொரை?”

கட்டடமே சிரித்தது. என் மனைவி சுதாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கத் தெரியாத ஆள் என்று யாரும் என்னைச் சொல்லிவிட முடியாது.

அதன்பிறகு மாடியில் தங்கிய ஒரு குடும்பத்தின் பையன் பந்தெடுக்கப் போய் வேலியைத் தொட்டுவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவனுடைய அம்மா இணையத்தில் எங்களுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தாள். அதிலிருந்து பகலில் மெஷினை அணைத்து வைக்க ஆரம்பித்தேன். சத்தம் இல்லாத முதல் நாளே சுப்பம்மா வேலியில் விரிப்புகளைக் காயப்போட்டாள்.

கீழே இறங்கிப் போய்ச் சொன்னேன். “சுப்பம்மா, இது வேலி. துணிக்கொடி இல்ல.”

“தெரியும் தொரை. இஞ்சதான முன்ன என் கொடி கெடந்துச்சு. நீங்க கல்லு நட்ட பொறவு வெயிலு ஒங்க பக்கம் போயிருச்சு. நெழல்ல போட்டா இந்தக் குளுருக்கு மூணு நாளானாலும் காயல. துணி குடுத்தவுக சத்தம் போடுறாக.”

“திடீர்னு மெஷினைப் போட்டுட்டா என்ன பண்ணுவ?”

“காதுல கேட்டுட்டுத்தான் தொரை கைய வைக்கிறேன். நீங்கதான சொல்லிக் குடுத்தீக.”

மறுநாள் வெள்ளனே ஒரு பை நிறையக் கேரட் கொண்டுவந்து சுதாராணியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இடத்தைப் பற்றி யாரிடமும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால்கூட நல்லது. ஒரு புகாருக்குப் பதில் எழுத எனக்குத் தெரியும். கேரட்டுக்கு என்ன பதில் எழுதுவது?

அடுத்து வந்த விருந்தாளி ஒருவர் மாடியில் இருந்து படம் எடுத்து, ‘மலையைப் பார்த்தபடி அழகான துணிக்கொடி’ என்று எழுதி, ஐந்து நட்சத்திரமும் கொடுத்தார். அந்தப் படம் எப்படியோ சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. குழுவில் வேலிக்குக் ‘காசிநாதன் கொடி’ என்று பெயர் வைத்தார்கள். ‘எங்கள் வீட்டு ஜமக்காளத்தையும் அனுப்பலாமா சார்’ என்று சங்கத் தலைவரே கேட்டார். பிறகு ஒரு வீடியோ வந்தது. பட்டப்பகலில் ஒரு காட்டுமாடு கம்பிகளைத் தள்ளிச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்து, என் சௌசௌக் கொடியை நிதானமாகத் தின்கிறது. அதற்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் பூப்போட்ட போர்வை காற்றில் ஆடுகிறது. பின்னணியில் சுப்பம்மாவின் குரல். மாட்டிடம் சொல்கிறாள்: “ஏலே, போர்வையில வாய வச்சுராத. தொரை வையும்.”

அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நான் எண்ணவில்லை. மூஞ்சிக்கல் பஜாரில் மருந்து வாங்கப் போனபோது, முன்பின் தெரியாத கடைக்காரர், “நீங்கதான வேலி சார்?” என்றார்.

இதற்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. தனிப்பட்ட கோபம் என்னிடம் கிடையாது. எனக்குக் கவலையாக இருந்தது ஒன்றுதான்: வேலியின்மேல் ஊருக்கு மரியாதை போய்விட்டது. மரியாதை இல்லாத பாதுகாப்புச் சாதனம் ஆபத்தானது. ஆலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த கதவில் தொழிலாளர்கள் சட்டை மாட்ட ஆரம்பித்தால் அங்கே விபத்து நெருங்கிவிட்டது என்று அர்த்தம். என் அனுபவத்தில், ஒரு விபத்து நடந்த பிறகுதான் எல்லோரும் ஒழுங்காக நடந்துகொள்வார்கள். சில வருடங்களுக்காவது.

எங்கள் மாடியில் யாரும் தங்காத வாரமாகப் பார்த்தேன். மெஷினைக் கழற்றி, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்தேன். சமையலறைக் கதவுப் பக்கம் இருக்கும் சுவிட்சில் இருந்து ஒரு வயரை எடுத்து வேலிக்குக் கொடுத்தேன். வீட்டு மெயினில் ஒரு டிரிப்பர் உண்டு. எங்காவது கரண்ட் கசிந்தால் தானாக அணைந்து ஆளைக் காப்பாற்றும் நல்ல சாதனம். ஆனால் இந்த ஊர்ப் பனியில் அது காரணமில்லாமல் அணைந்துகொண்டே இருக்கும் என்பதால், இந்த வயர் மட்டும் அதன் வழியாகப் போகாதபடி மாற்றிக் கொடுத்தேன். தோட்டத்தில் பாசி வழுக்குகிறது, இறங்காதே என்று சுதாராணியிடம் சொன்னேன். குடும்பத்தின் பாதுகாப்பு என் பொறுப்பு.

மெஷினைக் கழற்றிவிட்டேன் என்றும் அவளிடம் சொன்னேன். அது உண்மை. இதுவரை நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

“சர்வீஸுக்கா?” என்றாள்.

“ம்.”

அந்த ‘ம்’ வேண்டுமானால் பொய்யாக இருக்கலாம்.

சுதாராணிக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அது கீழ்வீட்டுக்குப் போக அதிக நேரம் ஆகாது. சாயங்காலம் பின்வாசலில் நின்று அவள் பேசுவது எனக்குக் கேட்டது. “அக்கா, மெஷினையே கழட்டிட்டாராம். இனி ராத்திரிகூடத் துணி கெடக்கட்டும். யாரு கேக்கப் போறா.” சுப்பம்மா சிரித்தாள். நான் உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

சுதாராணி இப்போது கன்னிவாடியில் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். போன் செய்தால் எடுப்பதில்லை. தான் சொன்னதை நம்பித்தான் சுப்பம்மா தொட்டாள் என்று அவளுக்கு ஒரு எண்ணம். இழவு வீட்டில் தமிழ்மதியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை என்று நீங்கள் எடுத்துச் சொன்னால் நல்லது. நான் சொன்னால் கேட்கும் நிலையில் இல்லை.

தமிழ்மதி உங்களிடம் சொன்னதையும் நீங்கள் சரியாக எழுதவில்லை. பிணத்தை ஏற்றும்போது அந்தப் பெண் உங்கள் முன்னால் நின்று சொன்னாள், நானும் பக்கத்தில்தான் இருந்தேன். “எங்கம்மா சத்தத்தக் கேக்காம தொட மாட்டாங்க சார். எனக்கே அப்படித்தான் சொல்லிக் குடுத்துருக்காங்க. மெஷின் ஓடுச்சான்னு வெசாரிங்க.” அவள் அழவில்லை, தெளிவாகப் பேசினாள். நல்ல நர்ஸாக வருவாள். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு ‘அறியாமை’ என்று எழுதிக்கொண்டீர்கள். பிறகு அவள் கம்பியிலும் கூடையிலும் கிடந்த விரிப்புகளை எடுத்து, மண் பட்டதை மட்டும் தனியாக வைத்து, மற்றதை மடித்தாள். கொடுத்தவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

நீங்கள் வந்தபோது மெஷின் சுவரில் இருந்ததே என்பீர்கள். நான்தான் திரும்ப மாட்டினேன். வயரையும் உருவி எடுத்துவிட்டேன். அது தோட்டத்து ஷெட்டில், உரமூட்டைக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறேன், போய் எடுத்துக்கொள்ளலாம். அவசரத்தில் மாட்டியதில் மெஷினின் ஓர் இணைப்பு கோணலாகிவிட்டது. அதைத்தான் பழுது என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். கோகுல்ராஜ் அப்படிக் கோணலாக ஒருநாளும் மாட்ட மாட்டான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும்.

காலையெல்லாம் பனி இறங்கியிருந்தது. அது விலகி வெயில் வந்தபோது நான் சமையலறையில் காபி டபராவைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவுகிற இடத்துக்கு நேரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தோட்டம், தோட்டத்தின் முடிவில் வேலி. சுப்பம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். செருப்பில்லை. புல் நனைந்திருந்தது. கூடையை இறக்கி வைத்தாள். உடனே துணியை எடுக்கவில்லை. கம்பிக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து, கண்ணைக்கூட மூடிக்கொண்டு, நிதானமாகக் கேட்டாள். பிறகு மெஷின் இருந்த சுவரின் பக்கம் காதைத் திருப்பி இன்னொரு முறை கேட்டாள். என் வகுப்புகளில் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், சார். சொன்னதை இவ்வளவு ஒழுங்காகச் செய்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

நிமிர்ந்தபோது ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டாள்.

“தொரை, மெஷின் இன்னும் வரலையா?”

“இன்னும் மாட்டல, சுப்பம்மா.”

“அப்ப இதப் போட்டுட்டு, காஞ்சதும் வெரசா எடுத்துருறேன். நாளைக்கு மதி வருது. அதுக்குள்ள இந்தச் சோலிய முடிச்சுட்டா புள்ளையோட உக்காந்து ரெண்டு வார்த்த பேசலாம்.”

“சரி” என்றேன்.

ஒரு விரிப்பை உதறிக் கம்பிமேல் போட்டாள். சுருக்கம் விழாமல் இருக்க இரண்டு கையாலும் இழுத்துவிட்டாள். ஈரத் துணி, ஈரப் புல், வெறுங்கால். அவள் கத்தவில்லை. கத்த முடியாது, தொண்டையும் தசைதானே. அவள் கைகள் கம்பியை விடவில்லை. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. என்னை அழைத்தாள் என்றுதான் நினைக்கிறேன். உதடு அந்த வார்த்தைக்குக் குவிந்த மாதிரி இருந்தது.

சுவிட்ச் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். ஏன் நீட்டவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நான் டபரா கழுவிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன் இல்லையா, என் இரண்டு கையும் ஈரம். ஈரக் கையால் சுவிட்சைத் தொடுவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. ஒருவர் ஏற்கனவே விபத்தில் இருக்கும்போது இன்னொருவரும் அதில் மாட்டிக்கொள்வது யாருக்கும் உதவாது. அதனால் டபராவைக் கவிழ்த்து வைத்தேன். கொக்கியில் இருந்த துண்டை எடுத்தேன். ஒவ்வொரு விரலாக, விரலிடுக்கு, நகக்கண் வரை துடைத்தேன். துண்டின் ஒரு பக்கம் நனைந்துவிட்டதால், காய்ந்த பக்கத்தைத் திருப்பி மறுபடி ஒருமுறை துடைத்தேன். உடம்பின் கனத்தில் கை விடுபட்டு அவள் விழுந்து, புல்லில் அசைவு நின்ற பிறகு அணைத்தேன்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை, சார்.